ரொட்டரி எஞ்சின் விமானத்தில் பெரிய ரேடியேற்றர் மட்டும் போதுமா?

கேள்வி இதுதான்: மஸ்டா 13பி ரொட்டரி எஞ்சினை வீட்டில் கட்டும் சிறிய விமானத்தில் பூட்டினால், பெரிய ரேடியேற்றர் ஒன்றைப் போட்டுச் சூட்டைச் சமாளிக்கலாமா? ஒயில் கூலர் கட்டாயம் வேண்டுமா?

ரேடியேற்றர் மட்டும் போதாது. ஒயில் கூலர் கட்டாயம் வேண்டும், அதுவும் நல்ல பெரிதாக.

நான் விமானி இல்லை. கட்டாரில் ஒரு கராஜில் மஸ்டாவின் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவன். இப்போது மட்டக்களப்புக் கல்லடியில் வள்ள எஞ்சினும் நெல் வெட்டும் மெஷினும்தான் கைக்கு வருகின்றன. ஆகவே எஞ்சின் பக்கமிருந்துதான் சொல்கிறேன். முதலாம் உலகப் போர் விமானங்களில் சிலிண்டர்களே சுற்றுமே, அந்த ரொட்டரி வேறு. அது காற்றிலேயே ஆறும், ஆமணக்கெண்ணெயைக் குடித்துத் துப்பும். இங்கே பேச்சு வான்கெல் வகையைப் பற்றி: பிஸ்டனுக்குப் பதிலாக, ஹவுசிங் என்ற கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுற்றும் எஞ்சின்.

13பி-யில் ரோட்டருக்குள் தண்ணீர் போகாது. தண்டிலுள்ள சிறிய ஜெட்கள் ரோட்டரின் உட்புறத்தில் ஒயிலைப் பீச்சும், அந்த ஒயில் சூட்டை வாங்கிக்கொண்டு சம்புக்கு, அதாவது அடியிலுள்ள ஒயில் தொட்டிக்கு, இறங்கும். தண்ணீரும் ஒயிலும் சேர்ந்து வெளியேற்றும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒயிலுடையது. அதனால் ஒயிலை இரண்டாவது கூலன்ட் (சூட்டை எடுக்கும் திரவம்) என்றே கணக்கில் எடுக்க வேண்டும். ஒயில் அளவுக்கு மீறிச் சூடேறினால் ரோட்டர் பக்கவாட்டிலுள்ள ஒயில் சீலின் ரப்பர் வளையம் இறுகிப்போகும், பிறகு புகைதான். தண்ணீர் சூடேறினால் சேதம் இன்னும் மோசம். இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் அலுமினிய ஹவுசிங் இருக்கிறது. அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரியும், இடையிலுள்ள தண்ணீர் சீல் நசுங்கும். எரிதல் எப்போதும் பிளக் இருக்கும் ஒரே பக்கத்தில் நடப்பதால் சூடும் அங்கேதான் குவியும். மீற்றர் நல்ல எண்ணைக் காட்டும்போதே அந்த மூலையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருக்கலாம்.

என் கணக்கில் தண்ணீர் 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை நல்லது. கூலரிலிருந்து எஞ்சினுக்குள் போகும் ஒயில் 95-க்குள் நிற்க வேண்டும். இரண்டில் எது 100-ஐத் தாண்டினாலும் பவரைக் குறைப்பேன். ஒயில் சென்சரை எங்கே பூட்டுகிறோம் என்பதும் முக்கியம். சம்பிலே பூட்டினால் அது கூலருக்குப் போகுமுன் உள்ள சூட்டைத்தான் காட்டும்.

சரி, கூலர் இரண்டும் பெரிதாகப் போட்டாயிற்று, இன்னும் சூடேறுகிறது என்றால் காற்றின் பாதையைப் பாருங்கள். 100 கிலோவாட் சூட்டை எடுக்க, காற்று 40 பாகை சூடாகிறது என்று வைத்தால், விநாடிக்கு 2.5 கிலோ காற்று வேண்டும், அதாவது இரண்டு கன மீற்றருக்கும் மேல். அவ்வளவு காற்றும் ரேடியேற்றரின் செட்டைகளுக்கு ஊடாகப் போக வேண்டும். ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாலேயே ஓடிவிடும். அம்பாறைப் பக்கம் அறுவடை நேரத்தில் வெட்டு மெஷினின் ரேடியேற்றரை வைக்கோல் தூசு அடைத்ததும் மீற்றர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, ரேடியேற்றர் அதேதான், காற்றுத்தான் இல்லை. ஆகவே சுற்றிவர ரப்பர் வைத்து அடையுங்கள். உள்வாய் சிறிதாகத் தொடங்கி மெல்ல விரிந்தால் காற்று வேகம் தணிந்து அழுத்தம் கூடும். வெளியேறும் வாய் பலர் மறக்கும் இடம். சூடான காற்று வெளியேற வழியில்லை என்றால் உள்வாயை எவ்வளவு பெரிதாக்கியும் பயனில்லை. மேலேறும்போது கூடுதலாகத் திறக்கும் மடல் ஒன்று வைத்தால் நல்லது.

சோதனை மேலேறும்போதுதான். முழுப் பவர், குறைந்த வேகம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் மாறும், 160 நொட்டில் கிடைப்பதில் கால்வாசிதான் 80 நொட்டில் கிடைக்கும். நேராகப் பறக்கும்போது மீற்றர் அமைதியாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இதோடு நம் வெயிலையும் சேருங்கள். குளிர் நாட்டுக்காரர் 15 பாகைக் காற்றில் சரியாக ஓடுகிறது என்று எழுதும் அளவுகளை அப்படியே எடுக்க வேண்டாம். 90 பாகைத் தண்ணீருக்கும் அந்தக் காற்றுக்கும் 75 பாகை வித்தியாசம். கச்சான் என்ற சூடான காற்று வீசும் ஒரு பகலில் காற்று 38 என்றால் வித்தியாசம் 52 தான். அதே ரேடியேற்றர் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவாகத்தான் ஆற்றும். மட்டக்களப்பு ஓடுபாதையில் மத்தியானம் வரிசையில் நிற்பதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றவே வேண்டாம். கடலோரக் கிணறுகளின் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியும், அலுமினியத்தை அரிக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்து விடுங்கள். உறைபனி நமக்கில்லைதான், ஆனால் துருத் தடுப்பும் அதற்குள்தான் இருக்கிறது. கூலன்டிலுள்ள கிளைக்கோல் கூடக் கூடச் சூட்டை எடுத்துச்செல்லும் திறன் குறையும், அதனால் பாதிக்கு மேல் போக வேண்டாம். நிரப்பும்போது ஆக உயரமான இடத்தில் காற்றைத் திறந்து விடுங்கள். ரேடியேற்றர் மூடி நல்லதாக இருக்கட்டும். மேலே போகப் போக வெளியழுத்தம் குறையும், மூடி கசிந்தால் தண்ணீர் முந்தியே கொதிக்கும்.

செலவைப் பார்க்காமல் வாங்கச் சொல்வது கூலன்ட் அழுத்த மீற்றரைத்தான். தண்ணீர் கொட்டிப்போனால் சூட்டுச் சென்சர் வெறும் ஆவியில் நின்றுகொண்டு குறைந்த எண்ணைக் காட்டலாம். அழுத்தம் உடனே விழும், இறங்குவதற்கு உங்களுக்கு நேரம் கிடைக்கும்.