ஃப்ளோரன்ஸில் ஒன்றரை நாள்தான் இருப்போம். எல்லோரும் பார்ப்பதைத் தவிர எதைப் பார்க்கலாம்?

கைமேரா. தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலச் சிலை. மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைக்காக எப்படியும் அக்காதெமியா அருங்காட்சியக வாசலில் வரிசையில் நிற்பீர்கள். அங்கிருந்து பொடிநடையாகப் போகிற தூரம்தான், சாந்திஸ்ஸிமா அனுன்ஸியாத்தா சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது. குடும்பத்தோடு போகிறீர்கள் என்று நினைக்கிறேன். மாதா ஓவியங்களை வரிசையாகப் பார்த்துக் கொட்டாவி விடும் பிள்ளைகள்கூட இதன் முன்னால் நிற்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. கோவையில் ஃபவுண்டரி வேலை. பம்பு பாடி, வால்வு பாடி வார்க்கிற ஆள். கம்பெனி ஒரு மெஷின் பயிற்சிக்காக இத்தாலிக்கு அனுப்பியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வந்தவர்கள் தோல் பை வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். நான் இங்கே போனேன். ஆகவே இது வார்ப்படக்காரனின் பார்வை. கலை விமர்சகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிரேக்கப் புராணத்தில் கைமேரா என்பது முன்னால் சிங்கம், நடுவில் ஆடு, பின்னால் பாம்பு, வாயில் நெருப்பு. லிசியா நாட்டு அரசன் பெலரோஃபோன் என்ற வீரனைத் தீர்த்துக்கட்டத்தான் இதைக் கொல்ல அனுப்புகிறான். அவனோ பறக்கும் குதிரை பெகஸஸ் மேல் ஏறிப் போய், ஈட்டி முனையில் ஈயக்கட்டியைச் செருகி அதன் வாய்க்குள் விடுகிறான். அது விட்ட நெருப்பிலேயே ஈயம் உருகித் தொண்டைக்குள் ஓடி, செத்துப்போகிறது. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். யோசித்துப் பார்த்தால் அதன் தொண்டைக்குள்ளேயே ஒரு வார்ப்படம் போட்டிருக்கிறான். எங்கள் தொழிலில் இந்தக் கதை பிடிக்காமல் யாருக்கும் போகாது.

இந்தச் சிலையைச் செய்தவர்கள் எட்ருஸ்கர்கள், ரோமுக்கு வடக்கே இருந்த மக்கள். கதை கிரேக்கம், பட்டறை இத்தாலி. கிரேக்கக் கைவினைஞர்களின் கையும் இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. காலம் சுமார் கி.மு. 400. நீளம் 129 செ.மீ., உயரம் 78.5 செ.மீ. படத்தில் பார்த்துவிட்டு யானை அளவு எதிர்பார்க்காதீர்கள்.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிங்கம் முன்கால்களை ஊன்றிப் பின்வாங்கிக் கத்துகிறது. விலா எலும்புகள் எண்ணுகிற மாதிரி துருத்தி நிற்கின்றன. முதுகிலிருந்து கிளம்பும் ஆட்டுத் தலை சாய்ந்து கிடக்கிறது. கழுத்துக் காயத்திலிருந்து வழியும் ரத்தத்தைக்கூட வெண்கலத்திலேயே காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் வலது முன்காலைப் பாருங்கள். எட்ருஸ்க எழுத்தில் ‘டின்ஸ்க்வில்’ என்று இருக்கிறது. அவர்களுடைய பெரிய கடவுள் டின் என்பவருக்குக் காணிக்கை என்று பொருள். இந்த எழுத்து வார்த்த பிறகு உளியால் வெட்டியது இல்லை, மெழுகிலேயே கீறியது. அதாவது களிமண் கருவின் மேல் மெழுகைப் படியவைத்து, அதில் பிடரி மயிர், நரம்பு, எழுத்து எல்லாம் முடித்து, வெளியே மறுபடி மண் பூசி, சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, காலியான அந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கரு கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஓட்டையாகிவிடும். காற்று போக வழி இல்லாவிட்டால் உள்ளே குமிழி. எங்களிடம் எக்ஸ்ரே, கம்ப்யூட்டர் சிமுலேஷன் எல்லாம் இருந்தும் ரிஜெக்‌ஷன் வந்துகொண்டேதான் இருக்கிறது. இவ்வளவு வளைவு நெளிவுள்ள உருவத்தை அந்த ஆள் எந்தத் தைரியத்தில் ஊற்றினான் என்றுதான் அங்கே நின்று யோசித்தேன்.

1553 நவம்பர் 15 அன்று ஃப்ளோரன்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள அரெட்ஸோ ஊரில் கோட்டை வேலைக்காகத் தோண்டும்போது கிடைத்தது. பாம்பு வால் இல்லாததால் முதலில் சிங்கம் என்றே எழுதி வைத்தார்கள். அப்போது ஃப்ளோரன்ஸை ஆண்ட மெடிசி குடும்பத்துக் கோசிமோ அதை ஃப்ளோரன்ஸுக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கூடவே கிடைத்த சின்ன வெண்கலப் பொம்மைகளைக் கோசிமோவும் பொற்கொல்லர் செல்லினியும் உட்கார்ந்து சுத்தம் செய்த கதையைச் செல்லினியே எழுதியிருக்கிறார். இப்போது நீங்கள் பார்க்கும் வால் 1785-ல் ஒட்டியது. பாம்பு சொந்த ஆட்டின் கொம்பையே கடிக்கிற மாதிரி வைத்துவிட்டார்கள். எதிரி முன்னால் நிற்கும்போது எந்தப் பாம்பு தன் ஆட்டையே கடிக்கும்? அது எதிரியைப் பார்த்துச் சீறியிருக்க வேண்டும் என்று அறிஞர்களே சொல்கிறார்கள், நானாகச் சொல்லவில்லை.

கோசிமோ பெயர் தெரிகிறது, செல்லினி பெயர் தெரிகிறது. காணிக்கை வாங்கிய கடவுள் பெயர்கூடக் காலிலேயே இருக்கிறது. வார்த்தவன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. இது எனக்கு ஏன் உறைக்கிறது என்றால், என் தம்பியும் இதே தொழில்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் பெரியப்பா, “ஃபவுண்டரிங்களா? ஐடி இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டு, டீ வரும்வரை வாயே திறக்கவில்லை. அவர் வீட்டுக் கிணற்று மோட்டார், வாசல் கேட், குழாய் வால்வு எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டிருக்கலாம். அம்மா முறைத்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், சரி விடுங்கள்.

புகழ்பெற்ற ஓவியக்கூடமான உஃபிஸியை விட்டுவிடச் சொல்கிறாயா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதையும் பாருங்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். தொல்லியல் அருங்காட்சியகத்தில் நான் போன அன்று கூட்டமே இல்லை. நேரம் மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே கட்டடத்தில் கையை நீட்டிப் பேசுகிற ‘பேச்சாளர்’ வெண்கலச் சிலையும் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். அரெட்ஸோ ரயில் நிலையத்துக்கு எதிரே கைமேராவின் பிரதிகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றரை நாளில் அதற்காக ரயில் ஏறுவது வீண்.