விடுதியில் விடும் முன் மூக்கில் சில சொட்டு

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஆண்டுதோறும் கூட்டுத் தடுப்பூசி போடுகிறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போகையில் விடப்போகும் நாய் விடுதியில், இருமல் நோய்க்குத் தனித் தடுப்பூசி கேட்கிறார்கள். தேவையா?
- வாசகி, கோவை

பதில்: கட்டாயம் தேவை. கூட்டு ஊசியில் பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோ வைரஸ்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் இந்த இருமலின் முக்கியக் காரணமான போர்டெடெல்லா பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் இருக்காது.

இதற்கான தடுப்பு மருந்தில் ஊசியும் உண்டு, மூக்கில் விடும் சொட்டும் உண்டு; சொட்டு மருந்தையே நான் பரிந்துரைப்பேன். நாய் தலையை உதறும், தும்மும். தாடையை மெல்லத் தாங்கிப் பிடித்தால் நொடியில் வேலை முடிந்துவிடும். ஒரே தவணை போதும். ஊசியென்றால் முதல்முறை இரண்டு தவணை, இடையில் 2 முதல் 4 வாரம். எதுவானாலும் கடைசி நேரத்தில் ஓடிவராதீர்கள், அம்மா. சொட்டு மருந்துக்கே ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.

தடுப்பூசி போட்ட நாய்க்கும் இருமல் வரலாம், ஆனால் கடுமை குறையும். வறட்டு இருமலின் முடிவில் வெண்நுரை கக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று பதறிச் சிலர் வாயில் விரல்விட்டுத் துழாவுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். குட்டிகளுக்கும் வயதான நாய்களுக்கும் இந்த இருமல் நிமோனியாவாக முற்றலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இருமும் நாளில் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப்பட்டை மாட்டுங்கள்.