வாசகர் கேள்வி: இல்லாத தீவுகள்

கேள்வி: பழைய வரைபடங்களில் உள்ள சில தீவுகள் இன்று இல்லையே, அவை கடலில் மூழ்கிவிட்டனவா?

பதில்: பெரும்பாலானவை மூழ்கவில்லை, அவை இருந்ததே இல்லை. தூரத்து மேகமோ கானல் தோற்றமோ மாலுமியின் கண்ணுக்கு நிலமாகத் தெரியும். ஒருவர் வரைந்துவிட்டால், அடுத்தவர் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார். அயர்லாந்துக்கு மேற்கே ‘பிரேசில்’ என்ற தீவு 1325 முதல் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் வரைபடங்களில் நீடித்தது இப்படித்தான். நம் காலமும் விலக்கல்ல. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவுகள் அருகே கூகுள் வரைபடம் காட்டிய ‘சேண்டி’ தீவைத் தேடி 2012இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் போனது. அங்கே 1,300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெறும் கடல்!

என்னை உறங்கவிடாதது இன்னொன்று. 1906இல் வட துருவப் பகுதியில் ‘குரோக்கர் லேண்ட்’ என்ற நிலத்தைக் கண்டதாக அமெரிக்க ஆய்வுப் பயணி ராபர்ட் பியரி அறிவித்தார். அவருடைய நாட்குறிப்போ, நிலம் எதுவும் தென்படவில்லை என்கிறது. 1914இல் அதைத் தேடி உறைகடலின் மீது சென்ற டொனால்ட் மக்மில்லன் குழுவினர் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கண்டு பூரித்தார்கள். உடன் வந்த, வட துருவப் பகுதியின் இன்யூட் பழங்குடியைச் சேர்ந்த வழிகாட்டி பியூகாட்டோக், அது வெறும் மூடுபனி என்றார். அவர்கள் கேட்கவில்லை, மேலும் சில நாட்கள் ஆபத்தான பனியில் பயணித்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். திரும்பும் வழியில் குழுவில் ஒருவர் பியூகாட்டோக்கைச் சுட்டுக் கொன்றார். அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. பியூகாட்டோக்கின் பெயரை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.