முதல் பீரியட்டில் தூங்குற பிள்ளையை என்ன செய்ய? – வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளும் போனும் என்று போன இதழில் கேட்டிருந்தோம். பல்லடத்தில் ஆரம்பித்து தாளவாடி மலை வரைக்கும் கடிதங்கள். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆசிரியர்கள், நடுவில் ஓர் அம்மா, ஒரு தாத்தா. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்கிறேன்.

நான் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். முதல் பீரியட்டிலேயே நாலைந்து பேர் பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடுகிறார்கள். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ், ஃப்ரீ ஃபயர். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னால் "நீங்களே கண்டிச்சு வைங்க டீச்சர்" என்கிறார்கள். நான் என்னதான் செய்வது?
– ஆசிரியை, பல்லடம்

டீச்சர், அந்தப் பெற்றோர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள் என்று கேட்டீங்களா? உங்கள் பக்கம் அப்பா தறியில், அம்மா பனியன் கம்பெனியில் என்று இருக்கிற வீடுகள்தான் ஏராளம். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வாசலை மிதிக்கவே ராத்திரி ஒன்பது ஆகும், ஆர்டர் நெருக்கும்போது ரெண்டு ஷிஃப்ட் என்றால் அதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதில் இருந்து அதுவரைக்கும் அந்தப் பிள்ளைக்குப் பேச்சுத்துணை, காவல், சோறு இறங்குவதற்கு வேடிக்கை எல்லாமே போன்தான். "அம்மா வர்ற வரைக்கும் பயமா இருக்கும் மிஸ், அதான் சத்தமா வெச்சுக்குவேன்" என்று ஒரு பெண் குழந்தை என்னிடமே சொல்லியிருக்கிறாள். அந்த போனைப் பிடுங்கி வைத்தால் பயம் அப்படியேதான் இருக்கும்.

அதனால் கண்டிப்பதற்கு முன்னால் விசாரியுங்கள். ஒரு துண்டுச் சீட்டில், பேர் போடாமல், 'நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே, அப்போ வீட்டில் யார் இருந்தாங்க' என்று ரெண்டே வரி எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் எத்தனை பேர் தனியாகக் கிடக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டே கணக்கும் போடலாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்கிற அளவு. காலையில் ஆறரைக்கு எழுந்திரிக்கணும் என்றால் எப்போது படுக்கணும் என்று அவர்களே கழித்துப் பார்க்கட்டும். நாம் சொல்லி ஏறாதது அவர்கள் கையால் போட்ட கணக்கில் கொஞ்சம் ஏறும்.

தூங்கி விழுகிற பையனை எழுப்பி நிற்க வைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, நின்றுகொண்டே தூங்குவான். முகம் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள், ரொம்ப முடியாதவனைப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். முதல் பீரியட்டில் நோட்ஸ் சொல்லி எழுத வைக்காமல் வாய்விட்டு வாசிப்பது, கரும்பலகைக்கு வந்து போடுவது என்று உடம்பு அசைகிற வேலையாக வையுங்கள். தலைமை ஆசிரியர் ஒத்துக்கொண்டால் வாரத்தில் ரெண்டு நாளாவது விளையாட்டு பீரியட்டைக் காலைக்கு மாற்றலாம். (பரீட்சை வந்தால் பி.இ.டி. பீரியட்டைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிற வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறதே, அதை நிறுத்தினாலே பாதி புண்ணியம்.)

பள்ளி விட்டதற்கும் ராத்திரி ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர் இருக்கிற ஊரா, ஊர்ப்புற நூலகம் சாயங்காலம் திறக்கிறார்களா, கோயில் திடலில் வள்ளி கும்மி பழக்குகிறார்களா என்று பாருங்கள். இப்போது நம் பக்கம் ஊருக்கு ஊர் கும்மி வாத்தியார் வந்துவிட்டார், ஆட்டம் பழகப் போகிற பிள்ளைகள் அந்த ரெண்டு மணி நேரமும் போனைத் தேடுவதில்லை. இது எதுவுமே இல்லாத ஊராக இருந்தால் பள்ளி மைதானத்தை ஆறு மணி வரை திறந்து வைக்க முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். நீங்கள் வீட்டுக்கு வந்ததும் போன் உங்கள் தலைமாட்டில் சார்ஜ் ஏறட்டும், பிள்ளை பாயில் வேண்டாம். அவ்வளவுதான். பத்து அறிவுரை சொன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஒன்றையும் கேட்க மாட்டார்.

இதையெல்லாம் தாண்டி ஒரு பிள்ளை சாப்பாட்டை விடுகிறது, போனை வாங்கினால் கையை ஓங்குகிறது என்றால் அது உங்கள் கைமீறிய விஷயம். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை.

எங்கள் பள்ளியில் போன் கொண்டுவரவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டோம். ஆனால் பிள்ளைகள் முகத்தில் ஒரு மாற்றமும் காணோம். தடை வேஸ்ட்டா?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், கோவை

வேஸ்ட் இல்லைங்க சார், ஆனால் அதனால் ஆகிற காரியம் ஒன்று, நீங்கள் எதிர்பார்க்கிற காரியம் வேறு. 2015-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆட்கள் இங்கிலாந்தில் 4 நகரங்களில் போனைத் தடை செய்த பள்ளிகளின் மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். தடைக்குப் பிறகு மார்க் கூடியது, அதுவும் பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் நன்றாகக் கூடியது, நன்றாகப் படிக்கிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசி பெஞ்சுக்காகவாவது தடை இருக்கட்டும் என்பேன்.

ஆனால் மனசு வேறு கணக்கு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்வில், தடை உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் பிள்ளைகளின் மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மொத்தமாகப் பார்த்தால் போன் பார்க்கிற நேரமும் பெரிதாகக் குறையவில்லை, பள்ளியில் விட்டதை வீட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் முகம் மாறாததற்கும் இதுதான் காரணமாக இருக்கும். இன்னொன்று, தடை போட்ட பள்ளியில் மதிய இடைவேளையில் என்ன இருக்கிறது? ஒரு கேரம் போர்டு, ரெண்டு பந்து, தாயக்கட்டை, உட்கார்ந்து பேச ஒரு வேப்பமர நிழல் இருக்கிறதா? எடுத்த இடத்தில் எதையாவது வைக்கணுமுங்க.

இன்னும் ஒன்று, எல்லாக் கஷ்டத்தையும் போன் தலையில் கட்டாதீர்கள். 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தகவலை அலசியதில், அவர்களின் மனநிலை ஏற்ற இறக்கத்தில் திரை சம்பந்தப்பட்ட பங்கு 0.4 சதவீதத்துக்கு மேல் போகவில்லை. இது எல்லாருக்கும் சேர்த்த சராசரிதான், உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அதுவே பெரும் பாரமாக இருக்கலாம். முகம் வாடியிருந்தால் போனை மட்டும் பார்க்காமல் வீட்டில் சண்டையா, அடியா, பரீட்சை பயமா என்றும் கேளுங்கள்.

ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடினால் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். அணைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி. நான் யூடியூபோடு போட்டி போட வேண்டுமா?
– ஆசிரியை, ஈரோடு

போட்டி போட்டால் தோற்பீங்க, அங்கே அடுத்த வீடியோ தானாக வரும். கண் கொட்டாமல் பார்ப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீடியோ முடிந்ததும் போர்டை அணைத்துவிட்டு, பார்த்ததை மூன்று வரியில் எழுதச் சொல்லிப் பாருங்கள், பாதி நோட்டு வெறுமையாக வரும். ரெண்டு நிமிடத்துக்கு ஒருதரம் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். நாலு பேர் தப்பாகச் சொல்லட்டும், அப்புறம் ஓட்டுங்கள். தன் பதில் சரியா என்று பார்க்கிறவன் வேறு மாதிரி பார்ப்பான்.

கண்ணால் பார்க்க முடியாததற்குத்தான் வீடியோ. இதய வால்வு திறந்து மூடுவதைக் காட்டுங்கள், தாராளமாக. பாசனம் என்றால் எதற்கு வீடியோ? பவானியில் பிரிந்து நொய்யலில் போய்ச் சேருகிற காளிங்கராயன் வாய்க்கால் உங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. கரையில் நிற்க வைத்து, இது ஏன் பாம்பு மாதிரி இத்தனை வளைவு வளைந்து போகிறது என்று கேட்டால் ஒரு பீரியட் போவதே தெரியாது. சாயக்கழிவு நாத்தம் வந்தால் அதுவும் பாடம்தான்.

பல நாட்டு 15 வயதுப் பிள்ளைகள் எழுதுகிற பீசா தேர்வை 2022-இல் எழுதிய பணக்கார நாடுகளில் 65 சதவீதம் மாணவர்கள், கணக்கு வகுப்பில் சில நேரமாவது கருவிகளால் கவனம் சிதறியது என்று ஒத்துக்கொண்டார்கள். இந்தியா அந்தத் தேர்வில் இல்லை. இருந்தாலும் மிகப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பையனுக்கு போன் கொடுக்காதீங்க என்று பேரன்ட்ஸ் மீட்டிங்கில் சொல்கிறார்கள். ராத்திரி எட்டரைக்கு ஹோம்வொர்க் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. நான் எதைக் கேட்பது?
– ஓர் அம்மா, கோபி

அம்மணி, உங்கள் கேள்வி நியாயம். இந்தப் பதில் பள்ளிக்காரர்களுக்கு. டைரியில் எழுதிவிட வகுப்பில் ஐந்து நிமிடம் போதும். குரூப்பில்தான் போடணும் என்றால் ஆறு மணிக்குள் போடுங்கள், பிள்ளை போனைத் தொடாமல் அம்மா வாசித்துச் சொல்கிற மாதிரி போடுங்கள். லிங்க்கைத் தட்டி உள்ளே போனால் பக்கத்திலேயே ஷார்ட்ஸ் நிற்கிறது. நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால் எடுபடாது, நாலைந்து அம்மாக்களாகச் சேர்ந்து போங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. அவள் முகத்தை வைத்து யாரோ அசிங்கமான படம் செய்து குரூப்பில் பரப்பியதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். பள்ளி பேர் கெடும், விட்டுவிடு என்கிறார் தலைமை ஆசிரியர்.
– ஆசிரியர், தாளவாடி பக்கம்

விடாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை இப்படிச் செயற்கையாகச் செய்த படமும் போக்சோ சட்டத்துக்குள் வரும். தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பது அதே சட்டத்தில் தனிக் குற்றம், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்குத் தண்டனை கூடுதல். இதை உங்கள் தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், பள்ளி பேரை விட இது அவருக்குச் சீக்கிரம் புரியும்.

ஆதாரம் என்று சொல்லி அந்தப் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள். எந்த குரூப், எந்தக் கணக்கு, எந்தத் தேதி என்று காகிதத்தில் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பேர் சொல்லாமலும் புகார் பதியலாம். படத்தை இறக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது, படம் அவர்களிடம் போகாது, அதன் அடையாளக் குறி மட்டும்தான் போகும்.

அவள் வீட்டுக்குப் பெண் ஆசிரியை ஒருவர் போகட்டும். 'ஏன் போட்டோ போட்டே' என்ற கேள்வி வாயில் வரவே கூடாது. திரும்பி வருகிற அன்றைக்குப் பக்கத்தில் உட்கார அவள் தோழியை முன்கூட்டியே பேசி வையுங்கள், முதல் நாள் அசெம்ப்ளியில் ஒழுக்கப் பிரசங்கம் யாரும் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

என் பேத்தி, "டீச்சரே கிளாஸ்ல போன் பாக்கறாங்க தாத்தா" என்கிறாள். அவர்கள் பார்க்கலாமா?
– காங்கேயம்

ஐயா, பாதி நேரம் அது அட்டெண்டன்ஸ். வருகைப்பதிவு, பரீட்சை மார்க் என்று எல்லாவற்றையும் ஆப்பில் ஏற்றச் சொல்லி அரசே ஆசிரியர் கையில் போனைக் கொடுத்துவிட்டது, நெட் கிடைக்காவிட்டால் பீரியட் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டு. ஆனால் பிள்ளைக்குக் குனிந்த தலை மட்டும்தான் தெரியும். "அட்டெண்டன்ஸ் போடறேன், ரெண்டு நிமிஷம்" என்று டீச்சர் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, முடிந்ததும் மேஜை டிராயரில் போட்டு மூடினால் போதும். மீதி பாதி நேரம் அட்டெண்டன்ஸ் இல்லை என்பது டீச்சருக்கே தெரியும், உங்கள் பேத்திக்கும் தெரிந்திருக்கும் போல.