நாற்பதைத் தாண்டி ஜியு-ஜிட்சுவா?

கேள்வி: வயது 41. தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்க நாற்காலிதான். குன்னூரில் புதிதாக பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். சேரலாமா? "இந்த வயசுல உருண்டு புரண்டு எலும்பை முறிச்சுக்கப் போறீங்களா?" என்கிறாள் மனைவி. ஆறாவது படிக்கும் மகளும் வருகிறேன் என்கிறாள்.
- வாசகர், கோத்தகிரி

பதில்: தாராளமாகச் சேருங்கள். இதில் குத்து, உதை கிடையாது. ஆளைப் பிடித்துத் தரையில் சாய்த்து, அங்கேயே மடக்குவதுதான் வேலை. 1914-ல் பிரேசில் போன மிட்சுயோ மயேதா என்ற ஜப்பானிய ஜூடோ வீரரிடமிருந்து கிரேசி குடும்பத்துக்கு வந்து, அவர்கள் கையில் வளர்ந்த கலை. 1993-ல் பல சண்டைக் கலைக்காரர்களும் ஒருவரோடொருவர் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில் ஹோய்ஸ் கிரேசி தன்னைவிட எடை கூடிய மூன்று பேரை ஒரே இரவில் பணிய வைத்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

எலும்பு விஷயத்துக்கு வருவோம். பிடி இறுகும்போது எதிராளி மேலோ பயிற்சி மெத்தையிலோ இரண்டு மூன்று முறை தட்டினால் அவர் உடனே விட்டாக வேண்டும், அதுதான் சட்டம். இருபது வயசுப் பையனிடம் போய்த் தட்டுவதா என்று வீம்பு பிடித்துக் கிடந்தால் முழங்கை போய்விடும், அதற்கு வயது காரணமில்லை.

முதல் சில மாதம் கீழே மாட்டிக்கொண்டு கிடப்பீர்கள். பயப்படாதீர்கள், கற்பதே அங்குதான். மேலே ஒருவர் அழுத்தும்போது மல்லாந்து கிடக்காமல் ஒருக்களித்து, பாதத்தை ஊன்றி இடுப்பைப் பின்னால் தள்ளி, கிடைத்த இடைவெளியில் முழங்காலை நுழைப்பது, இதை ஆயிரம் தடவை செய்யச் சொல்வார்கள். நாற்காலியிலேயே இறுகிப்போன இடுப்புக்கும் முதுகுக்கும் இதைவிட என்ன வேண்டும்? புதியவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தம் கட்டுவார்கள், இரண்டு நிமிடத்தில் நாக்குத் தள்ளிவிடும், அதனால் மூச்சை விடுங்கள். அப்புறம், நெஞ்சு மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஆடிட் கவலையெல்லாம் ஞாபகத்துக்கே வராது, என் கணக்கில் பெரிய லாபமே அதுதான். எடை குறையும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது சாப்பாட்டைப் பொறுத்தது.

'கி' என்கிற அந்தக் கனத்த பருத்தி உடுப்பு ஐப்பசி மழையில் நம்ம ஊரில் லேசில் காயாது. ஈரத்தோடு போட்டால் நாற்றம் மட்டுமல்ல, படர்தாமரையும் வரும். இரண்டு வாங்குங்கள், இல்லையென்றால் 'ரேஷ்கார்டு' என்கிற உடம்போடு ஒட்டிய பனியன் போட்டுப் பழகும் வகுப்பாகப் பாருங்கள். நகம் வெட்டிவிட்டுப் போங்கள். குளிரில் உடம்பு சூடாகாமல் மெத்தையில் இறங்க வேண்டாம். கழுத்து, மூட்டுப் பிரச்சினை இருந்தால் முதலில் டாக்டர்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தட்டிய பிறகும் பிடியை விடத் தாமதிக்கிற ஆளை மாஸ்டர் கண்டிக்கவில்லையென்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

மகளையும் சேர்க்கலாம். சிறுவர்களுக்கு சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று தனி பெல்ட்கள், நீல பெல்ட்டுக்கு 16 வயதாக வேண்டும். அவளோடு போவதென்றால், வகுப்பு முடிகிற நேரத்துக்குக் கோத்தகிரி பஸ் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.