எனக்கு ஆஸ்துமா இருக்கிறது, பிறக்கப்போகும் குழந்தைக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

வரலாம், ஆனால் வந்தே தீரும் என்றில்லை. நானும் சின்ன வயதிலிருந்து வீசிங்கோடு வளர்ந்தவன்தான். என் பிள்ளைகளில் மூத்தவளுக்கு உண்டு, இளையவனுக்கு இல்லை.

குழந்தைப் பருவ ஆஸ்துமாவில் மரபின் பங்கு பெரியது. ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று அதைச் சுமார் 80 சதவீதம் என்று கணக்கிட்டது. இதைப் படித்துவிட்டு 'என் குழந்தைக்கு வர 80 சதவீதம் வாய்ப்பு' என்று பலர் பதறுகிறார்கள். அது அப்படி இல்லை. ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போகிறதே, மக்களிடையே உள்ள அந்த வேறுபாட்டில் மரபு எவ்வளவு என்பதற்கான கணக்கு அது.

இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. சிறு சிறு அளவில் ஆபத்தைக் கூட்டுகிற இடங்கள் நம் மரபணுத் தொகுப்பில் நிறைய. அவற்றில் பிரபலமானது 17ஆவது குரோமோசோமில் 2007இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஓஆர்எம்டிஎல்3 என்ற மரபணு அங்கேதான் இருக்கிறது. சிறுவயதிலேயே தொடங்கும் ஆஸ்துமாவோடுதான் இதற்கு நெருக்கம் அதிகம். வீட்டில் சிகரெட் புகை இருந்தால் இதன் பாதிப்பு இன்னும் கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். சிடிஹெச்ஆர்3 என்று இன்னொன்று. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸின் சி வகை, மூச்சுக்குழாய்ச் செல்லுக்குள் நுழைய இந்த மரபணு தரும் புரதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. சில குழந்தைகளுக்கு ஒவ்வொரு சளியும் இழுப்பில் போய் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் ஃபிலாக்ரின். இது தோலின் தடுப்புச் சுவருக்கான மரபணு. இதில் குறை இருந்தால் முதலில் எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய், பிறகு ஆஸ்துமா என்று தொடரக்கூடும். மூத்தவளுக்கு அந்த வரிசையில்தான் வந்தது.

சூழல் எவ்வளவு புரட்டிப்போடும் என்பதற்கு 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு விவசாயச் சமூகங்கள். மரபில் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் மாட்டுத் தொழுவத்தை ஒட்டியே வளரும் ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், இயந்திர விவசாயம் செய்யும் ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21. ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கும் பாதுகாப்பு கிடைத்தது! அதற்காகத் தூசியைத் தேடிப் போகவேண்டாம், சரியா?

பரிசோதனையா? காசு மிச்சம் பண்ணுங்கள். இத்தனை சிறு ஆபத்துகளைக் கூட்டிப் பார்த்து, இந்தக் குழந்தைக்கு வரும், வராது என்று சொல்லும் நிலைக்கு அறிவியல் இன்னும் வரவில்லை. 'எனக்கு ஆஸ்துமா உண்டு' என்று குழந்தை மருத்துவரிடம் சொல்லிவைப்பதுதான் இன்றைக்கு அதைவிடப் பயன் தரும்.

இப்போது உங்கள் கையில் இருப்பது இரண்டு. வீட்டில் யாரும் புகைக்கக்கூடாது, கர்ப்ப காலத்திலும் பிறகும். அடுத்தது, குழந்தைக்கு ஆகாது என்று பயந்து உங்கள் இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பத்தில் கட்டுப்படாத ஆஸ்துமா குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வழிவிடலாம். மருந்தை மாற்றுவதென்றால் மருத்துவர் மாற்றட்டும்.