விதியா, கோட்பாடா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், கருதுகோள், அதாவது சோதிக்க வேண்டிய ஊகம், நிரூபணமானால் கோட்பாடு, கோட்பாடு நிரூபணமானால் விதி என்று ஏணி போல ஒரு படம் பார்த்தேன். சரிதானா?

பதில்: அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். ஒன்று முற்றி இன்னொன்றாவதில்லை, இரண்டுக்கும் வேலையே வேறு. என்ன நடக்கிறது என்று விதி சொல்லும், பெரும்பாலும் ஒரு சமன்பாட்டில். ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்குவது கோட்பாடு.

ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மாறாமல் வாயுவின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் கன அளவு பாதியாகும். அளந்து பார்த்தால் தெரியும், காரணம் தெரியாது. வாயு என்பது ஓடித்திரியும் துகள்களின் கூட்டம், அவை சுவரில் மோதுவதுதான் அழுத்தம் என்று டேனியல் பெர்னூலி 1738இல் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மானும் அதை முழு உருவுக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் வாயுக்களின் இயக்கவியற் கோட்பாடு. பாயில் விதி அதற்குள்ளிருந்து கணக்காகவே வந்து விழும். ஆனாலும் கோட்பாடு இன்றும் கோட்பாடுதான், விதி விதிதான்.

கேள்வி: விதி என்றால் விலக்கே இருக்காது அல்லவா?

பதில்: நிறைய இருக்கும். பாயில் விதியே அதிக அழுத்தத்திலும் தாழ்ந்த வெப்பநிலையிலும் பிசகும். மின்னழுத்தம் கூடும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடும் என்ற ஓம் விதி உலோகக் கம்பிக்குப் பொருந்தும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுக்குப் பொருந்தாது. இழுக்கும் விசைக்கு ஏற்ப ஸ்பிரிங் நீளும் என்ற ஹூக் விதி, அதை அளவுக்கு மீறி இழுக்கும்வரைதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. விதி எங்கே உடையும் என்பதை விதி சொல்லாது, கோட்பாடுதான் சொல்லும். துகள்களுக்கும் பருமன் உண்டு, அவை ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்யும் என்று சேர்த்துக்கொண்டால் பாயில் விதி எந்தப் பக்கம் விலகும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். வான் டெர் வால்ஸ் 1873இல் செய்தது அதைத்தான்.

கேள்வி: அப்படியானால் ஐன்ஸ்டைன் வந்ததும் நியூட்டன் விதி பொய்யாகிவிட்டதா?

பதில்: பொய்யாகவில்லை, எல்லை தெரிந்துவிட்டது. 1687இல் நியூட்டன் ஈர்ப்பு எவ்வளவு என்று சொன்னார். எதனால் என்ற கேள்விக்கு, நான் கருதுகோள் எதையும் புனைவதில்லை என்று பின்னர் வெளிப்படையாகவே எழுதிவிட்டார். புதன் கோளின் சுற்றுப்பாதை மெல்லத் திரும்புகிறது. அதில் நூற்றாண்டுக்குச் சுமார் 43 கோண விநாடி அவர் கணக்கில் அடங்கவில்லை. ஒரு கோண விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு! அவ்வளவு சின்ன மிச்சத்துக்காக, சூரியனுக்கு அருகே வல்கன் என்று ஒரு கோள் ஒளிந்திருக்கிறதா என்றுகூடத் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லை. வெளியும் காலமும் வளைவதே ஈர்ப்பு என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு 1915இல் அந்த மிச்சத்தைச் சரியாகக் கொடுத்தது.

ஆனாலும் விண்கலப் பாதையைக் கணக்கிட இன்றும் பெரும்பாலும் நியூட்டனே போதும். ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் அது போதாது. செயற்கைக்கோளின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி முந்தும். சார்பியலை வைத்து அதைத் திருத்தாவிட்டால் இடம் கிலோமீட்டர் கணக்கில் தப்பும்.

கேள்வி: பரிணாமம் வெறும் கோட்பாடுதானே? எப்போது விதியாகும்?

பதில்: ஆகவே ஆகாது, ஆக வேண்டிய தேவையும் இல்லை. முதல் பதிலை இன்னொரு முறை படியுங்கள். "வெறும்" என்ற சொல்தான் இங்கே வம்பு செய்கிறது. தொற்றுநோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பதும் கோட்பாடுதான். யாரும் அதை வெறும் என்று சொல்லிக் கை கழுவாமல் இருப்பதில்லை.

நல்ல கோட்பாடு இன்னும் பார்க்காததையும் சொல்லும். மீன்களிலிருந்து நான்கு கால் உயிரினங்கள் வந்திருந்தால், இடைப்பட்ட உயிரின் புதைபடிவம் சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் இருக்க வேண்டும் என்று கணித்து, அந்த வயதுப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று பார்த்து, கனடாவின் எல்ஸ்மியர் தீவில் தோண்டினார்கள். 2004இல் டிக்டாலிக் கிடைத்தது. செதிலும் துடுப்பும் மீனுக்கு உரியவை, கழுத்தும் துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பும் நிலத்துக்கு உரியவை.

கேள்வி: எல்லாத் துகள்களும் அதிரும் நுண்ணிழைகளே என்கிற ஸ்ட்ரிங் தியரியும் அதே தரமா?

பதில்: இல்லை. சோதனை வழியே அது இன்னும் உறுதிப்படவில்லை. கணிதம் அழகானது என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. கருதுகோள் என்று அழைத்திருந்தால் குழப்பம் குறைந்திருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: மூர் விதி?

பதில்: இயற்கை விதியே அல்ல. கணினிச் சில்லுகளில் டிரான்சிஸ்டர் என்ற நுண் மின் சுவிட்சுகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று, சில்லுத் தயாரிப்பில் இருந்த கோர்டன் மூர் 1965இல் சொன்ன ஊகம். 1975இல் அவரே வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

கேள்வி: இது விதி, இது கோட்பாடு என்று முடிவு செய்ய ஏதாவது அமைப்பு இருக்கிறதா?

பதில்: கிடையாது. யாரோ அழைக்கிறார்கள், வழக்கில் நிலைத்துவிடுகிறது. கோள்களின் தூரங்களுக்கான டைட்டியஸ்–போடே விதி 1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனசுக்கு நன்றாகவே பொருந்தியது. 1846இல் நெப்டியூன் வந்து அதைக் கவிழ்த்தது. இன்றும் விதி என்றே அழைக்கிறோம். வாக்கெடுப்பு நடந்ததும் உண்டு. விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகமாக விலகுகின்றன என்ற ஹபிள் விதியை, ஹபிள்–லெமெத்ர் விதி என்று அழைக்கும்படி 2018இல் சர்வதேச வானியல் ஒன்றியம் பரிந்துரைத்தது. ஹபிள் 1929இல் வெளியிட்டதை லெமெத்ர் 1927லேயே எழுதியிருந்தார். ஆனால் அந்த வாக்கு பெயருக்கு மட்டும்தான். விதி சரியா என்று யாரும் கை தூக்கவில்லை, அதைத் தொலைநோக்கிகள்தான் பார்த்துக்கொள்கின்றன.